ஏற்றுமதியும் இறக்குமதியும்

மலர்க் குழு மாணவர்கள் என் அறைக்கு வந்து, "ஐயா, இந்த ஆண்டு சங்க இலக்கியம் வேண்டாம், உங்கள் சொந்த அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது எனக்குச் சிறிது வருத்தமே உண்டாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக இலக்கியம் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்ப்பவனிடம் வந்து இலக்கியம் வேண்டாம் என்றால் என்ன செய்வது? என் முகம் மாறியதைக் கண்ட மாணவி ஒருத்தி, "கணிப்பொறியோடு நீங்கள் பட்ட பாட்டை ஒருநாள் வகுப்பில் சொன்னீர்களே, அதை எழுதுங்கள் ஐயா" என்று எடுத்துக் கொடுத்தாள். பட்ட பாடு உண்மைதான். ஆனால் அதில் பாதி என் பிழை. அதையும் மறைக்காமல் எழுதுவதென்றால் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஏற்றுமதி, இறக்குமதி என்னும் சொற்களைக் கேட்டால் என் நினைவில் எழுவது கீழமாசி வீதி. என் தந்தையார் அங்கே ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கெழுதி வந்தார். விடியுமுன் லாரிகள் வந்து நிற்கும். மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்கும். பொழுது சாய்வதற்குள் அவை வேறு வண்டிகளில் ஏறித் திருமங்கலம், மேலூர், சிவகங்கை என்று போய்விடும். முதலாளி புதிதாகக் கிட்டங்கி பிடிக்கும்போதெல்லாம் தந்தையாரையும் அழைத்துப் போவார். தந்தையார் இடத்தின் நீள அகலத்தை முதலில் பார்க்கமாட்டார். நேரே பின்பக்கம் போவார். சந்துக்குள் வண்டி திரும்புமா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாடகை பேச விடுவார். சிறுவனாக உடன் சென்ற எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கையின் பொருள் எனக்கு 2022ஆம் ஆண்டில்தான் விளங்கியது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்ட கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் செல்பேசிக் குழுக்களில் பாடம் அனுப்பினோம். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே தண்டியலங்காரம் எங்கோ அமிழ்ந்து போயிற்று. அப்போது கணிப்பொறி அறிவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, மூடில் என்று ஒன்று இருக்கிறது. பாடம், வினாத்தாள், கலந்துரையாடல் எல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாம். நான் அமைத்துத் தருகிறேன்" என்றார். பெயரே சகுனத் தடையாக இருந்தது. மூடி வைத்த கல்லூரிக்கு 'மூடில்' என்று ஒரு மருந்தா என்று நகைத்தேன்.

பின்னர் அதன் வரலாற்றை அறிந்தபோது நகைப்பு அடங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் என்பவர் அதை உருவாக்கி, 2002இல் முதற்பதிப்பை வெளியிட்டார். பள்ளிக்கூடமே இல்லாத பாலைப்பகுதியில் வளர்ந்து, சிற்றலை வானொலி வழியாகவும் தபால் வழியாகவும் பாடம் படித்தவர் அவர். நம் ஊருக்கும் இது புதிதன்று. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியபின், பழுப்புநிறத் தாளில் கட்டிய பாடக்கட்டுகள் எத்தனை சிற்றூர்களுக்குப் போயின! என் அக்காள் பட்டம் பெற்றது அப்படித்தான். அந்தக் கட்டுகளில் சில இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன, பிரித்தால் படிக்கலாம்.

மூடில் இலவசமான மென்பொருள். எவர் வேண்டுமானாலும் தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்து நடத்த ஒரு சர்வர் வேண்டும். அதற்கு நம்மிடம் பணம் இல்லை. வெளியார் நிறுவனம் ஒன்று ஊரடங்குக் காலத்துக்கு இலவசமாக இடம் தர முன்வந்தது. முன்கதவு அகலத் திறந்திருந்தது; நான் பாடங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

போன உடனே முட்டிக்கொண்டேன். என் பாடக் குறிப்புகள் எல்லாம் 1999 முதல் பத்தாண்டுகள், தட்டச்சு நிலையம் ஒன்றில் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டியவை. அவற்றை மூடிலில் ஏற்றிப் பார்த்தால் திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. 'தமிழ்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. இளைஞர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கோப்புகளில் உண்மையில் என்றைக்குமே தமிழ் இருந்ததில்லை. இருந்தவை ஆங்கில எழுத்துகளே. ஜே என்னும் எழுத்துக்குத் 'த' என்று படம் வரைந்து காட்டியது எழுத்துரு. எழுத்துருவை நீக்கினால் வேடம் கலைந்துவிடும். ஒருங்குறி என்பதோ ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தந்து வைத்திருக்கிறது. அதன் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் நாம் அங்கே குடிபோகக் காலம் பிடித்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று வேறு குறியீடுகள் வகுக்கப்பட்டன. தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010 ஜூனில்தான். இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு. அந்தக் காலத்துப் பிள்ளைதான் என் பாடக்குறிப்பு.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. பாமினியை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறுபெட்டியில் ஒருங்குறியாக வந்துவிடும். ஒரே மாலையில் பதினோரு அலகுகளையும் மாற்றி ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்கினேன். மறுநாள் மாணவர் ஒருவர், "ஐயா, 'அவர்' என்று தேடினால் உங்கள் பாடத்தில் ஓரிடத்திலும் இல்லை என்கிறது" என்று செய்தி அனுப்பினார். கண்ணால் பார்க்கிறேன், பக்கத்துக்குப் பத்து 'அவர்' இருக்கிறார். கணிப்பொறி இல்லை என்கிறது!

உருப்பெருக்கிப் பார்த்தபோது விளங்கிற்று. பழைய அச்செழுத்து வழக்கப்படி ரகர மெய்க்குக் கீழ்வால் போடாமல், காலின்மேல் புள்ளி வைத்தே தட்டச்சர் அடித்திருக்கிறார். அழகுக்காகத்தான். தாளில் இரண்டும் ஒன்றே. மாற்றும் கருவிக்கு அழகு தெரியாது. காலைக் கால் என்றும் புள்ளியைப் புள்ளி என்றும் மாற்றி வைத்துவிட்டது. வகரத்துக்குக் கால் வாங்கி அதன் தலையில் ஒரு புள்ளி! இவ்வாறே ஔவையார் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து 'ஒளவையார்' ஆகி நின்றார்.

இதைக் கண்டதும் நான் சிரித்துவிட்டேன். சுவடி படித்தவர்களுக்கு இந்தப் பிழை பழைய உறவினர். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழியும். காலும் ரகரமும் ஒரே கோடு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வேறுபாடு காட்டும்வரை எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. படிப்பவன்தான் இடமறிந்து பிரித்துக்கொள்ள வேண்டும். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் நம்மைப்போல் பாடம் நடத்திக்கொண்டே, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் ஓலையிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்தாரே, அதுவும் ஓர் இறக்குமதிதான். ஒரே நூலுக்குப் பல பிரதிகளை ஒப்புநோக்கி அவர் தீர்த்த ஐயங்களில் காலா ரகரமா என்னும் ஐயம் எத்தனையோ! ஓலையை விட்டுத் தாளுக்கு வந்து, தாளை விட்டுத் திரைக்கு வந்த பின்னும் அந்தக் கோடு நம்மை விடவில்லை.

திருத்துவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. கருவியைக் கொண்டு ஒரே அடியில் மாற்றலாம் என்றார் இளைஞர். ஆனால் ஒளி, ஒளிர், ஒளவை என்று கலந்து கிடக்கும்போது கண்மூடி மாற்ற எனக்குத் துணிவில்லை. வரிவரியாகப் படித்தேன். பல ஆண்டு நான் சொல்லிவந்த ஒரு தவறான பொருளையும் அப்போது கண்டு திருத்தினேன். எந்தத் தவறு என்று கேட்காதீர்கள்.

இந்தப் பாட்டைப் பெருமளவில் பட்டவர்கள் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது மதுரைத் திட்டம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் வைக்கிறார்கள். சங்கம் வளர்த்த ஊர் என்பதால் அதற்கு நம் ஊர்ப்பெயர். பாண்டித்துரைத் தேவர் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட இந்த மாநகரில் இருந்துகொண்டு, லோசானிலிருந்து வந்த மதுரையை நான் அறிந்தது வெகு காலம் கழித்துத்தான். அவர்கள் தொடக்கத்தில் ஓர் எழுத்துருவில் வெளியிட்டார்கள். பிறகு திஸ்கி என்னும் குறியீட்டுக்கு மாறினார்கள். அதன்பின் ஒருங்குறிக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நூல்களைப் பெயர்த்தார்கள். அவர்கள் கோப்பின் தலைப்பில் யார் தட்டச்சு செய்தார், யார் பிழை பார்த்தார் என்று எழுதியிருக்கும். இத்தலைப்பை நீக்காமல் எவருக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கும். சுவடியின் கடைசி ஓலையில் பெயர்த்தெழுதியவன் தன் பெயரும் ஊரும் நாளும் குறித்து வைப்பானே, அதே மரபு.

பாடம் ஏறிய பிறகு வினாத்தாள். அதற்கு மூடிலில் பல வழிகள். எளிதானது ஏய்க்கன் முறை என்று படித்து, வினா எழுதி, அ, ஆ, இ, ஈ என்று விடைகள் கொடுத்து ஏற்றினேன். ஒன்றையும் ஏற்கவில்லை. அந்த முறைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளே வேண்டுமாம். 'விடை' என்னும் சொல்லும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டுமாம். அகரத்தை முதலாகக் கொண்ட உலகத்தில் இது பொறுக்குமா? கிஃப்ட் என்று வேறொரு முறை உண்டு. அதில் விடைகளுக்கு எழுத்தே தேவையில்லை; சரியான விடைக்கு முன் = என்றும், தவறானவற்றுக்கு முன் ~ என்றும் குறியிட்டால் போதும். 300 வினாக்களை அம்முறையில் எழுதினேன். வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும். இந்த ஒரு காரியத்தை மட்டும் நான் முதலிலிருந்தே சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஏய்க்கன் என்னை ஏய்த்ததால்.

இனிச் சொல்லப் போவதுதான் என் நெஞ்சை உறுத்துவது.

வகுப்பில் ஒருவரையொருவர் காணாமல் பிள்ளைகள் வாடிப்போனதைப் பார்த்து, கலந்துரையாடல் பகுதியில் ஒரு பணி கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அகராதியில் நீங்கள் பார்த்திராத ஊர்ச்சொற்கள் பத்து கேட்டு எழுதுங்கள் என்றேன். மதிப்பெண் இல்லை. ஐந்தாறு பேர் எழுதுவார்கள் என்று நினைத்தேன். 42 பேர் எழுதினார்கள்! மேலூர்ப் பையன் ஒருவன் கண்மாய்க்கே ஓர் அகராதி வைத்திருந்தான்: மடை, குமிழி, கலுங்கு, மறுகால், நீர்க்கட்டி என்று. சோழவந்தான் மாணவி கொடிக்காலையும் கவுளியையும் விவரித்தாள். மறுகால் பாய்வது என்றால் என்ன என்று மதுரை நகரத்துப் பிள்ளை கேட்க, கிராமத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விடை எழுதினார்கள். என் பணிக்காலத்தில் அவ்வளவு நல்ல வகுப்பு வேறு அமைந்ததில்லை. நான் அங்கே இருக்கவே வேண்டியிருக்கவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்து ஊரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, களத்தில் நெல் அளக்கும் முறையைப் பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தாள். பிணையல், பொலி, தூற்றுதல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பாட்டி மரக்காலால் அளந்து எண்ணும்போது 'ஒன்று' என்று சொல்லமாட்டாள், 'லாபம்' என்றுதான் தொடங்குவாள் என்று எழுதி, அந்த எண்ணிக்கையைப் பாட்டியின் குரலிலேயே பதிவு செய்து ஒலிக்கோப்பாக இணைத்திருந்தாள். லாபம், ரெண்டு, மூணு என்று இழுத்து இழுத்து ஒரு ராகம். நான் அதைப் பலமுறை கேட்டேன். 2021 மே மாதம் அந்தப் பாட்டி காலமானார்.

2022இல் கல்லூரி வழக்கம்போல் நடக்கத் தொடங்கியிருந்தது. இடம் கொடுத்த நிறுவனத்திலிருந்து அஞ்சல் வந்தது: சேவை முடிகிறது, 30 நாளுக்குள் உங்கள் பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது எளிது. காப்புநகல் என்னும் பொத்தானை அழுத்தினேன், எம்.பி.இஸட் என்னும் முடிவுடைய ஒரே கோப்பாக முழுப் பாடமும் இறங்கிற்று. அதைப் பேனா அளவுள்ள நினைவகத்தில் போட்டு மேசை இழுப்பறையில் பூட்டினேன். பூட்டினேன், அவ்வளவே. திறந்து பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, துறைக் கணிப்பொறியில் இளைஞர் புதிதாக மூடில் நிறுவித் தந்தார். கோப்பை இறக்குமதி செய்தோம். பாடங்கள் எல்லாம் வந்தன; 300 வினாக்களும் வந்தன; ஔவையார்கூட ஒழுங்காக வந்தார். 'ஊர்ச்சொற்கள்' என்னும் தலைப்பும் வந்தது. அதை அழுத்தினேன். உள்ளே ஒன்றுமில்லை.

"ஐயா, எடுக்கும்போது மாணவர் பதிவுகளையும் சேர்த்தீர்களா?" என்றார் இளைஞர். அப்படி ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. மூடிலில் ஆசிரியராக இருப்பவர் பாடத்தைத்தான் எடுக்கலாம். மாணவர் பெயரும் எழுத்தும் சேர்ந்த பகுதியை எடுக்கும் உரிமையை நிர்வாகிதான் தரவேண்டும். பிள்ளைகள் எழுதியதை எவனோ ஓர் ஆசிரியன் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது. காவலின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நிர்வாகியிடம் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. அந்தக் கோப்பைப் பிரித்துத் தேடினோம். அதற்குள் இருந்த படங்களும் ஒலிகளும் பெயரிழந்து, நாற்பது எழுத்து நீளமுள்ள எண்ணெழுத்துக் கோவைகளாகக் கிடந்தன. எது எதன் பெயர் என்பதற்குத் தனியே ஒரு பட்டியல். நான் இணைத்த கண்மாய்ப் படங்கள் இருந்தன. பாட்டியின் குரல் இல்லை. பழைய சர்வர் எப்போதோ துடைக்கப்பட்டிருந்தது.

கீழமாசி வீதிச் சந்தில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தையாரை அன்று மாலை நினைத்தேன்.

அந்தப் பிள்ளைகள் அதற்குள் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். வகுப்பில் நின்று, நீங்கள் எழுதியதைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "மெயில்ல இருக்குமே ஐயா" என்றாள். கலந்துரையாடலில் ஒருவர் எழுதினால் அது எல்லாருக்கும் மின்னஞ்சலாகவும் போகுமாம். எனக்கும் வந்ததுதான். முதல் வாரமே பெட்டி நிரம்புகிறது என்று நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். அவளோ நிறுத்தவில்லை, திறந்தும் பார்த்ததில்லை. "தொந்தரவுன்னு விட்டுட்டேன் ஐயா" என்றாள். அந்தத் தொந்தரவு முழுவதும் அவள் பெட்டியில் திறக்கப்படாமல் வரிசையாக இருந்தது!

அவள் பத்து நாள் தாமதமாகச் சேர்ந்தவள் என்பதால் முதலில் எழுதிய ஐவருடையவை அங்கே இல்லை. அவர்களில் மூவர் நினைவிலிருந்து மறுபடி எழுதித் தந்தார்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒருங்குறியில் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேர்த்தேன். தலைப்பில் யார் எழுதியது, எந்த ஊர், எந்த நாள் என்று குறித்தேன்; அவரவரிடம் கேட்டு ஒப்புதல் பெற்றேன். துறைக் கணிப்பொறியில் ஒரு படி, நூலகத்தில் ஒரு படி, எழுதியவர்களிடம் ஆளுக்கொரு படி. இம்முறை மூன்றையும் திறந்து பார்த்தேன்.

வாடிப்பட்டி மாணவியின் பதிவு முழுமையாகக் கிடைத்தது. கடைசி வரியில், எங்கள் பாட்டி எண்ணுவதைக் கேட்க இதை அழுத்தவும் என்று எழுதி, கீழே நீலநிறத்தில் ஒலிக்கோப்பின் பெயர் இருக்கிறது. மின்னஞ்சலில் இணைப்பின் முகவரிதான் வரும், கோப்பு வராது. அழுத்தினால் அப்படி ஓர் இடம் இல்லை என்கிறது. அவள் அப்போது வைத்திருந்த செல்பேசி பழுதாகிப் போய்விட்டது.

"மாமா போனுக்கும் அனுப்பியிருந்தேன் ஐயா. மாமா திருப்பூர்ல இருக்காரு. பொங்கலுக்கு வந்தா வாங்கிப் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சென்றாள். நீலநிற வரியை நான் இன்னும் நீக்கவில்லை.